மார்டகாயைத் திட்டாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கேள்வி இரண்டு வரி, கோபம் இரண்டு பக்கம். ஆபிரகாம் லிங்கனுடைய தாத்தாவுக்குக் கென்டக்கியில் ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் இருந்ததாமே, அப்படிப்பட்ட வீட்டுப் பேரன் ஏன் ஒற்றை அறை மரக்குடிசையில் பிறந்தான், நடுவில் பெரியப்பன் மார்டகாய் எல்லாவற்றையும் அமுக்கிவிட்டானா என்று கேட்கிறாய். கேட்டதோடு நின்றாயா? பதில் வருவதற்கு முன்பே தீர்ப்பும் எழுதி, அந்த மனுஷனை வாய்க்கு வந்தபடி திட்டியும் தீர்த்துவிட்டாய். பெரியப்பன் என்றாலே தம்பி பங்கை விழுங்குகிறவன் என்று எந்தச் சீரியல் உனக்குச் சொல்லிக்கொடுத்ததோ! கொஞ்சம் பொறு. இந்தச் சொத்துக் கதையில் திருடன் யாரும் இல்லை. திருடன் இல்லாமலே ஒரு பிள்ளை வெறுங்கையோடு நிற்க முடியும் என்பதுதான் இதில் பார்க்கவேண்டிய விஷயம்.

முதலில் ஆளைச் சரியாக அடையாளம் கண்டுகொள். தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே பெயர். குழப்பம் வேண்டாம் என்று தாத்தாவைக் கேப்டன் லிங்கன் என்றே சொல்கிறேன். வர்ஜீனியாவின் உள்ளூர்ப் படையில் கேப்டனாக இருந்தவர். தொழில் விவசாயம். 1744இல் பென்சில்வேனியாவில் பிறந்து, வர்ஜீனியாவில் லின்வில் ஓடைக்கரையில் பயிர் செய்தவர். 1780இல் அந்தப் பண்ணையை விற்றார். பிறகு குடும்பத்தோடு மலை தாண்டி மேற்கே கென்டக்கிக்குப் போனார். அப்போது கென்டக்கி தனி மாநிலம் கிடையாது. வர்ஜீனியாவின் மேற்குக் கோடி, அவ்வளவுதான். இதை மறந்துவிடாதே, முடிச்சே இதில்தான் இருக்கிறது.

1786 மே மாதம். இன்றைய லூயிவில் நகரத்துக்குக் கிழக்கே, லாங் ரன் ஓடைக்கு அருகில், மூன்று பையன்களையும் கூட்டிக்கொண்டு கேப்டன் மக்காச்சோளம் விதைத்துக்கொண்டிருந்தார். காட்டோரத்திலிருந்து வந்த குண்டு அவரைச் சாய்த்தது. சுட்டவர் பூர்வகுடி வீரர். நடுப்பையன் ஜோசையா உதவி கேட்டுப் பக்கத்துக் கோட்டைக்கு ஓடினான். மூத்தவன் மார்டகாய், பதினைந்து வயசுப் பையன், வீட்டுக்குள் பாய்ந்து துப்பாக்கியை எடுத்தான். எட்டு வயசுத் தாமஸ், பின்னாளில் பேரன் லிங்கனுக்கு அப்பா ஆனவன், தன் அப்பாவின் உடலுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டான். அவனைத் தூக்கிப்போக வந்தவரை மார்டகாய் வீட்டுக்குள்ளிருந்தே குறிபார்த்துச் சுட்டு வீழ்த்தினான். லிங்கன் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கதை இது. நீ இரண்டு பக்கம் திட்டிய மார்டகாய் இவன்தான். அன்று அவன் குறி தப்பியிருந்தால், நீ பரிதாபப்படுகிற பேரன் பிறந்தே இருக்கமாட்டான்.

சரி, சொத்துக்கு வருவோம். கேப்டன் லிங்கன் உயில் எழுதிவைக்கவில்லை. உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் வர்ஜீனியாவில் அன்று இருந்த சட்டம் என்ன தெரியுமா? நிலம் முழுவதும் மூத்த மகனுக்கு. இளைய மகன்களுக்கும் மகள்களுக்கும் நிலத்தில் ஒரு குழிகூடக் கிடையாது. இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த ஏற்பாடு அது. பிரபுக்களின் எஸ்டேட் துண்டு துண்டாகிவிடக் கூடாது என்பதற்காக உண்டான சட்டம், காட்டை வெட்டிக் கழனியாக்கிக்கொண்டிருந்த விவசாயியின் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டது.

அந்தச் சட்டத்தை ஒழிக்கவேண்டும் என்று தாமஸ் ஜெஃபர்சன் வெகுநாள் முயன்றார். சட்டங்களைத் திருத்தி எழுத அமைத்த குழுவில் எட்மண்ட் பெண்டில்டன் என்ற பெரியவர், ஒரேயடியாகச் சமப்பங்கு வேண்டாம், மூத்தவனுக்கு இரட்டைப் பங்காவது கொடுப்போம் என்றாராம். மூத்தவன் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டால், இரண்டு ஆள் வேலை செய்தால், இரட்டைப் பங்கு நியாயம்தான். மற்றவர்களைப் போலத்தானே அவனும் இருக்கிறான் என்ற பொருளில் ஜெஃபர்சன் மறுத்தார். இதை அவரே பிற்காலத்தில் எழுதிவைத்திருக்கிறார். 1785இல் சட்டமன்றத்தில் மசோதாவை நிறைவேற்றிக் கொடுத்தவர் ஜேம்ஸ் மேடிசன். ஆண், பெண் என்ற பேதமில்லாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமப்பங்கு. அது நடைமுறைக்கு வந்த தேதியை இப்போது பார்: 1787 ஜனவரி 1. கேப்டன் லிங்கன் இறந்தது அதற்கு ஏழெட்டு மாதம் முன்னால்.

நீ இப்போது என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "சட்டம் கிடக்கட்டும் அக்கா, அண்ணனுக்கு மனசாட்சி வேண்டாமா?" அடேய், அண்ணனுக்கு அப்போது பதினைந்து வயசு. அவன் மேஜராகிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட இன்னும் ஆறு வருஷம் போகவேண்டும். அதற்குள் கென்டக்கியே தனி மாநிலம் ஆகிவிட்டது. உன் பங்கில் தம்பிக்குக் கொஞ்சம் கொடுக்கிறாயா என்று சட்டம் அவனைக் கேட்கவே இல்லை. அவன் பிற்பாடு கென்டக்கியிலேயே ஸ்பிரிங்ஃபீல்ட் பக்கம் நல்ல மாடி வீட்டில் வசித்தான் என்பது உண்மை, அந்த வீடு இன்றும் நிற்கிறது. தாமஸ் கூலி வேலைக்கு அலைந்து, தச்சுத் தொழில் கற்றுக்கொண்டு ஆளானான் என்பதும் உண்மை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவுடனே திருட்டு என்று முடிவு கட்டுவது உன் அவசரம்.

அடுத்த கேள்வியும் தயாராக வைத்திருப்பாய்: புத்திசாலி மனுஷன், ஏன் உயில் எழுதவில்லை? நாற்பத்திரண்டு வயசில், வித்து போடுகிற மாசத்தில், எந்த விவசாயி உயில் எழுதிக்கொண்டிருப்பான்? அந்தக் காலத்து அமெரிக்க உயில்களைப் படித்துப் பார். உடம்பு தளர்ந்துவிட்டது, ஆனால் புத்தியும் ஞாபகமும் தெளிவாக இருக்கின்றன என்று சொல்லித்தான் பெரும்பாலும் தொடங்கும். படுக்கையில் விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர்களைச் சாட்சிக்கு அழைத்து எழுதினவை. வயலில் குண்டடிபட்டுச் சாகிறவனுக்கு அந்த அவகாசம் ஏது?

இப்போது ஒரு கணக்குப் போடலாம், உனக்குத்தான் கணக்குப் பிடிக்குமே. கேப்டன் லிங்கன் கென்டக்கியில் உரிமை கோரிய நிலத்தை ஆய்வாளர்கள் கூட்டிப் பார்த்து 5,544 ஏக்கர் என்கிறார்கள். பிள்ளைகள் ஐந்து பேர்: மார்டகாய், ஜோசையா, தாமஸ், மேரி, நான்சி. அவர் பிறந்த ஊரான பென்சில்வேனியாவிலேயே இருந்து இறந்திருந்தால், அங்கே அன்றிருந்த சட்டப்படி மூத்தவனுக்கு இரட்டைப் பங்கு, மற்றவர்களுக்கு ஒற்றைப் பங்கு. மூதாதையர் வந்திறங்கிய மாசசூசெட்ஸிலும் அதே முறைதான். ஐந்து பேருக்கு ஆறு பங்கு என்றால் தாமஸுக்கு 924 ஏக்கர். வர்ஜீனியாவிலேயே 1787 புத்தாண்டுக்குப் பிறகு இறந்திருந்தால் ஐந்தில் ஒன்று, 1,108 ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. இறந்தது வர்ஜீனியாவின் எல்லைக்குள், 1786இல். ஆகவே தாமஸுக்குப் பூஜ்யம். அப்பாவின் பாசம் இந்த மூன்று விடையிலும் ஒன்றுதான். மாறியது ஊரும் தேதியும்.

பூஜ்யத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்கு முன்னால், அந்த 5,544 என்ற எண்ணையும் கொஞ்சம் சந்தேகப்படு. ஏக்கர் என்று எழுதினால் உனக்கு நெல் வயல் ஞாபகம் வருகிறது. அது வயல் இல்லை, பெரும்பகுதி காடு. காடுகூட இல்லை, காட்டின் மேலே ஒரு காகிதம். வர்ஜீனியா அரசு நிலத்தை விற்ற விதத்தைக் கேள். முதலில் பணம் கட்டி ஒரு வாரண்ட் வாங்கவேண்டும். கேப்டன் லிங்கன் 1780 மார்ச்சில் 400 ஏக்கருக்கு 160 பவுண்டு கட்டி வாங்கினது இருக்கிறது. மதிப்பு தேய்ந்துகொண்டிருந்த காகிதப் பவுண்டு அது. எங்கே உள்ள 400 ஏக்கர் என்று அதில் இருக்காது. வாங்கினவரே காட்டுக்குள் போய் இடம் பார்த்து, இன்ன ஓடைக்கு அருகே என்று பதிவு செய்யவேண்டும். பிறகு சர்வே. அதற்குப் பிறகுதான் பட்டா. செக்குபந்தி எல்லாம் மரங்கள்தான்: வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, இத்தனை கம்பு தூரம் போய், பீச் மரத்தில் திரும்பி என்று எழுதியிருக்கும். மரம் விழுந்தால் எல்லையும் விழுந்தது.

ஒரே இடத்தை நாலு பேர் பதிவு செய்வதைத் தடுக்க யாரும் இல்லை. கூரையில் வேய்ந்த ஓடு மாதிரி ஒருவர் நிலத்தின் மேல் இன்னொருவர் நிலம் ஏறிக் கிடந்தது. எழுத்தர்கள் பெயரை எழுதின அழகு வேறு. லாங் ரன் நிலத்தின் சர்வேயில் லிங்கன், லிங்க்ஹார்ன் ஆகியிருக்கிறார். பழைய பத்திரம் தேடப் போகிறேன் என்று நீ கிளம்பினால், ஒரே எழுத்துக்கூட்டலை வைத்துக்கொண்டு தேடிவிட்டு ஒன்றுமே இல்லை என்று திரும்பி வராதே.

இதற்கெல்லாம் அடியில் இன்னொரு வில்லங்கம் உண்டு. வர்ஜீனியா விற்ற அந்தக் காடு ஷானி முதலான பூர்வகுடிகள் தலைமுறைகளாக வேட்டையாடிய பூமி. 1768இல் ஸ்டான்விக்ஸ் கோட்டை ஒப்பந்தத்தில் அதை வெள்ளையருக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டவர்கள் இரோகுவாய் மக்கள். ஷானி மக்கள் சம்மதிக்கவில்லை. ஆகையால் கேப்டன் வாங்கின காகிதத்தில் முதல் எதிர்வாதியின் பெயரே இல்லை. அவர் உயிர் போனதும் அந்தத் தகராறில்தான்.

பட்டா குழப்பம் எப்படிக் கடிக்கும் என்பதற்குச் சாட்சி தாமஸேதான். 1803இல் மில் கிரீக்கில் 118 பவுண்டு கொடுத்து 238 ஏக்கர் பண்ணை வாங்கினான். 1814இல் விற்கும்போது அளவில் தப்பு என்று 200 ஏக்கராகத்தான் விற்க முடிந்தது, கிடைத்தது 100 பவுண்டு. பேரன் லிங்கன் 1809இல் பிறந்த சிங்க்கிங் ஸ்பிரிங் பண்ணையிலும் தகராறு. அடுத்துக் குடியேறின நாப் கிரீக்கில், நிலம் எங்களுடையது என்று ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வாரிசுகள் வழக்குப் போட்டார்கள். வெறுத்துப்போய் 1816 டிசம்பரில் இண்டியானாவுக்குப் போய்விட்டான். அங்கே மத்திய அரசு முதலில் சதுரம் சதுரமாக அளந்து, பிறகுதான் விற்றது. ஆகவே மார்டகாய்க்குக் கிடைத்ததும் 5,544 ஏக்கர் பொன் விளையும் பூமி என்று நினைக்காதே. பாதி நிலம், பாதி வழக்கு.

இனி நீ கடிதத்தோடு கொட்டை எழுத்தில் எழுதி அனுப்பின, கேப்டனின் சொத்துப் பட்டியலின் மொத்தத் தொகைக்கு வருகிறேன். 68 பவுண்டு, 16 ஷில்லிங், 6 பென்ஸ். "ஐயாயிரம் ஏக்கர்காரனுக்கு இவ்வளவுதானா, மீதியை ஒளித்துவிட்டார்கள்" என்று கண்டுபிடித்திருக்கிறாய். தம்பி, அது அசையும் சொத்துப் பட்டியல். நிலம் அதில் வரவே வராது. நிலம் சாவோடு நேரே வாரிசுக்குப் போய்விடும். மாடு கன்று, பாத்திரம் பண்டம், ஆயுதம், படுக்கை இவைதான் நிர்வாகி கைக்கு வரும். அவற்றுக்குக் கோர்ட் நியமித்த ஆட்கள் வந்து ஒவ்வொன்றாக விலை போடுவார்கள். விலை போடுகிறவர்களும் சக விவசாயிகள்தான். பசுவின் மடியைப் பார்த்தே விலை சொல்லத் தெரிந்தவர்கள்.

பட்டியலை நிதானமாகப் படி, உனக்கே ஆள் கண்ணில் தெரிவார். செவலைக் குதிரை ஒன்று 8 பவுண்டு. கறுப்புக் குதிரை ஒன்று 9 பவுண்டு 10 ஷில்லிங். கன்றோடு பசு மூன்று. ஒரு வயசுக் காளைக்கன்று ஒன்று, கிடாரி ஒன்று. ஏர்க்கலப்பையும் அதன் தளவாடமும் 2 பவுண்டு 5 ஷில்லிங். களைக்கொத்து மூன்று. ஆளி நார் நூற்கும் ராட்டை. ஈயக்கலவைத் தட்டு ஒரு டஜன். அடுப்புச் சங்கிலி இரண்டு. வாச்சி, கைரம்பம், மூன்று அளவில் துளையிடும் தமர். மரப்பட்டை உரிக்கும் இரும்பு, தோல் சுரண்டும் கத்தி. ரைஃபிள் இரண்டு, பழைய துப்பாக்கி ஒன்று. மெழுகுவத்தித் தண்டு ஒன்று, ஒன்றரை ஷில்லிங். கோடரி ஒன்று, 9 ஷில்லிங். உழுகிறவர், மரம் இழைக்கிறவர், தோல் பதனிடுகிறவர், வேட்டையாடுகிறவர் எல்லாம் ஒரே ஆள். கடை இல்லாத இடத்தில் குடும்பம் நடத்தினவர்.

இங்கேதான் எல்லாரும் சறுக்குவார்கள், நீயும் சறுக்கியிருக்கிறாய். "எட்டு பவுண்டுக்குக் குதிரை, எட்டே கால் பவுண்டுக்கு ஒரு மெத்தையா? தப்பாக அச்சடித்துவிட்டார்கள்" என்று ஓரத்தில் கிறுக்கியிருக்கிறாய். தப்பே இல்லை. இறகு மெத்தை, அதன் விரிப்பு, போர்வை எல்லாம் சேர்த்து ஒன்று 8 பவுண்டு 5 ஷில்லிங், இன்னொன்று 5 பவுண்டு 10 ஷில்லிங். வான்கோழி இறகு அடைத்த மட்டமான ரகம் ஒன்று, 1 பவுண்டு 10 ஷில்லிங். மூன்றையும் கூட்டினால் 15 பவுண்டு 5 ஷில்லிங். மொத்தச் சொத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். ஒரு மெத்தைக்கு எத்தனை வாத்து, எத்தனை வருஷம் இறகு பிடுங்கவேண்டும் என்று யோசி. உறைத் துணியை இறகு வெளியே வராதபடி நெருக்கமாக நெய்யவேண்டும். எல்லாம் பெண்களின் கை உழைப்பு. குதிரை குட்டி போடும், மெத்தை போடுமா? மரக்கட்டை வீட்டில் கென்டக்கிக் குளிர்காலத்தைத் தாண்டவைக்கிற சாமானுக்கு அந்த விலை தகும்.

பட்டியலில் இல்லாததையும் கவனி. நாற்காலி இல்லை, மேஜை இல்லை, புத்தகம் ஒன்றுகூட இல்லை, தானியம் இல்லை. உடனே, பாவம் தரையில் உட்கார்ந்து பட்டினி கிடந்தார்கள் என்று கண்ணீர் விடாதே. அவர் இறந்தது 1786 மே. நிர்வாகி நியமனம் 1788 அக்டோபர். பட்டியல் கோர்ட்டுக்கு வந்தது 1789 மார்ச். ஏறக்குறைய மூன்று வருஷம். அதற்குள் குடும்பம் லாங் ரன்னை விட்டு, தெற்கே நெல்சன் கவுண்டிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இருந்த சோளத்தைத் தின்றாயிற்று. கையால் செய்த பெஞ்சையும் பலகையையும் யாரும் வண்டியில் ஏற்றமாட்டார்கள், போன இடத்தில் வேறு செய்துகொள்வார்கள். பட்டியல் என்பது ஒரு நாளில் எண்ணினது. குடும்பத்தின் முழு வாழ்க்கையும் அதில் இருக்கும் என்று எதிர்பார்ப்பது உன் பேராசை.

அசையும் சொத்து மட்டும் மூத்தவனுக்கு மொத்தமாகப் போகாது. கடனெல்லாம் தீர்த்த பிறகு மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, மற்றதைப் பிள்ளைகள் எல்லாரும் சமமாகப் பிரித்துக்கொள்ளவேண்டும். கடனே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் விதவைக்கு 22 பவுண்டு 18 ஷில்லிங் 10 பென்ஸ். பிள்ளை ஒன்றுக்கு ஏறத்தாழ 9 பவுண்டு மூன்றரை ஷில்லிங். அந்தக் கறுப்புக் குதிரையின் விலைக்கும் கொஞ்சம் குறைவு. பெரிய நிலக்காரரின் கடைசி மகனான தாமஸுக்குச் சட்டம் கொடுத்தது, அந்தக் கறுப்புக் குதிரைக்குக்கூடப் பற்றாத பங்கு.

இப்போது உன்னை நிஜமாகவே கண்டிக்கப் போகிறேன். இரண்டு பக்கக் கடிதத்தில் தாமஸுக்காக அழுதாய், மார்டகாயைத் திட்டினாய். பாத்ஷீபா என்ற பெயர் ஓரிடத்திலும் இல்லை. யார் அது என்கிறாயா? கேப்டனின் மனைவி. ஐந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பயம் குறைந்த இடத்துக்குப் போய் வளர்த்து ஆளாக்கினவள். மேரி, நான்சி என்று இரண்டு பெண்கள் இருந்தார்களே, அவர்களுக்கும் நிலத்தில் பூஜ்யம்தானே? தாமஸுக்கு நடந்தால் அநியாயம், அவர்களுக்கு நடந்தால் வழக்கமா?

கணவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள் முழுக்க அனுபவிக்கிற பாத்தியதை விதவைக்கு உண்டு. விற்க முடியாது, யாருக்கும் எழுதிவைக்க முடியாது, அவள் காலத்துக்குப் பிறகு வாரிசுக்கே திரும்பிவிடும். அந்த உரிமை வலுவானதுதான். கணவன் உயிரோடு இருக்கும்போதே நிலத்தை விற்றாலும், மனைவியைத் தனியாக அழைத்து, கணவன் காதில் விழாமல், மனமொப்பித்தான் விட்டுக்கொடுக்கிறாயா என்று கேட்டுப் பதிவு செய்தால்தான் அவள் பாத்தியதை நீங்கும். ஆனால் குண்டு பாயும் காட்டில் மூன்றில் ஒரு பங்கு இருந்து என்ன? மரத்தை வெட்ட ஆள் வேண்டும், உழ ஆள் வேண்டும். பாத்ஷீபாவின் கடைசிக் காலம் மகள் நான்சியின் வீட்டோடு கழிந்தது. நிலம் கிடைக்காத மகளின் வீடு.

உயில் எழுதின விவசாயிகள் மனைவிக்கு என்ன விட்டுப்போனார்கள் என்று நியூ இங்கிலாந்துப் பக்கத்து உயில்களில் பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும். வீட்டில் இன்ன பக்கத்து அறை, நிலவறையில் பாதி, ரொட்டி சுட அடுப்பில் முறை, கிணற்றுக்குப் போய்வர வழி. வருஷத்துக்கு இத்தனை மரக்கால் சோளம். ஒரு பசுவுக்குத் தீனி. அடுப்பு நீளத்துக்கு வெட்டின விறகை மகன் வாசலில் கொண்டுவந்து போடவேண்டும். மறுமணம் செய்துகொண்டால் எல்லாம் ரத்து. "பெற்ற மகனையே நம்பாத அப்பனா?" என்பாய். மகனை நம்பினார்கள். மகனுக்கு வரப்போகும் மனைவியை, மகனுக்குக் கடன் கொடுக்கப்போகிறவனை, நாளைக்கு நிலத்தை வாங்கப்போகிற அந்நியனை நம்பவில்லை. எழுத்தில் இருந்தால், வீடு யார் கைக்கு மாறினாலும் கிழவி கிணற்றுக்குப் போவதைத் தடுக்க முடியாது. வறட்டு வாசகம்தான், ஆனால் முப்பது வருஷக் குடித்தனத்தின் முழு அக்கறையும் அதில் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீ வேறு பட்டியல்களைத் தேடிப் போவதற்கு முன்னால். கேப்டன் லிங்கனின் பட்டியலில் அடிமைகள் இல்லை. வர்ஜீனியாவின் மற்ற எத்தனையோ விவசாயிகளின் பட்டியல்களில் கட்டிலுக்கும் மாட்டுக்கும் நடுவே மனிதர்களின் பெயர் வரும், பெயருக்கு நேரே விலை வரும். ஜார்ஜ் வாஷிங்டனின் தகப்பனார் அகஸ்டின் 1743இல் இறந்தபோது, பதினொரு வயசு ஜார்ஜுக்கு விட்டுப்போனது ஃபெரி ஃபார்ம் பண்ணையும் பத்து அடிமைகளும். ஒரு வீட்டுக்குப் பாகப்பிரிவினை நடந்த அன்றைக்கு, அந்தப் பத்துப் பேர் போன்றவர்களின் குடும்பங்களும் பாகம் பிரிந்தன: தாய் ஒரு மகன் பங்கில், பிள்ளை இன்னொரு மகன் பங்கில். அந்தக் காகிதத்தில் அவர்களுக்கு வாரிசுரிமை கிடையாது, அவர்களே சொத்து. மொத்தத் தொகையை மட்டும் பார்த்து யார் பணக்காரன் என்று எண்ணிக்கொண்டிருந்தால் இதைத் தாண்டிப் போய்விடுவாய்.

கடைசியாகப் பேரனின் காலத்துக்கு வா. தாமஸ் லிங்கன் 1851 ஜனவரியில் இல்லினாய்ஸில் இறந்தான். அங்கே அவனுக்கிருந்த பண்ணையில் 40 ஏக்கரை 1841இலேயே மகன் ஆபிரகாம் 200 டாலர் கொடுத்துத் தன் பெயருக்கு வாங்கி, பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கலாம் என்று எழுதிவைத்திருந்தான். மீதி 80 ஏக்கர். அதில் தனக்கு வந்த உரிமையை, 1851 ஆகஸ்டில், மாற்றாந்தாயின் மகன் ஜான் ஜான்ஸ்டனுக்கு ஒரு டாலருக்கு எழுதிக்கொடுத்தான். ஆனால் மாற்றாந்தாய் சாராவின் ஆயுள்கால மூன்றில் ஒரு பங்கு அப்படியே நிற்கும் என்று பத்திரத்தில் போட்டான். வக்கீல் அல்லவா? மூன்று மாதம்கூட ஆகவில்லை, நிலத்தை விற்றுவிட்டு மிசௌரிக்குப் போகிறேன் என்றான் ஜான்ஸ்டன். ஆபிரகாம் எழுதின பதில் கடிதத்தைப் பார்த்தால், நான் உன்னைத் திட்டுவது ஒன்றுமே இல்லை. வேலை செய்ய மனசில்லாதவனுக்கு எந்த ஊர் மண்ணும் ஒன்றுதான், விற்ற பணத்தைத் தின்று தீர்த்துவிட்டு நிற்பாய் என்று வெளுத்து வாங்கிவிட்டு, அந்த 40 ஏக்கர் அம்மாவுக்கு, நீ உழாவிட்டால் வாரத்துக்காவது விட்டு அவளுக்குச் சோறு போடுவேன் என்று முடித்துவிட்டான். சாரா 1869வரை இருந்தாள். ஆபிரகாம் இறந்த பிறகும் நாலு வருஷம்.

தாத்தா வீட்டில் சட்டம் நிலத்தை ஒருவனிடம் கொடுத்தது, மற்றவர்களைத் தாமாகப் பிழைத்துக்கொள்ளச் சொன்னது. பேரன் கைக்குப் பேனா வந்தபோது, யார் வாரிசு என்பதைவிட யார் சாப்பிடவேண்டும் என்பதை முதலில் எழுதினான். இனிமேல் நீ எந்தக் காலத்துச் சொத்துப் பத்திரத்தைக் கையில் எடுத்தாலும், எந்தத் தேதி, எந்த ஊர்ச் சட்டம் என்று பார். அந்த வீட்டு விதவை எங்கே படுத்தாள், அவள் விறகை யார் வெட்டினார்கள் என்று தேடு. எவன் ஏமாற்றினான் என்ற உன் செல்லக் கேள்வி அதற்குப் பிறகு வரிசையில் நிற்கட்டும்.

அன்புடன்,
உன் அக்கா